அந்தமான் தீவுகளில் பத்து நாட்கள்

நம் குடும்பங்களில் பயணம் என்றால் பெரும்பாலும் இரண்டே வகைதான். வேளாங்கண்ணிக்கோ பூண்டிக்கோ ஓரியூருக்கோ செல்லும் திருப்பயணம் ஒன்று; உறவினர் இல்லத்துத் திருமணம், புதுநன்மை, புதுமனை புகுவிழா முதலியவற்றிற்குச் செல்வது மற்றொன்று. ஓர் ஊரைக் காண்பதற்கென்றே செல்லும் பயணம் நம்மில் பலருக்கு இன்றும் புதியதே. சென்ற பிப்ரவரித் திங்களில் எங்கள் பங்கைச் சேர்ந்த நான்கு குடும்பத்தினர் ஒன்றுகூடி அந்தமான் தீவுகளுக்குச் சென்று வந்தோம். பத்து வயதுச் சிறுமி முதல் எழுபது வயதைக் கடந்த பாட்டியார் வரை பதினைந்து பேர். எங்களுள் ஒருவரும் அதற்கு முன் கடல் கடந்தவரல்லர்.

அங்கே கண்டவற்றையும், அவற்றால் எங்கள் உள்ளத்தில் எழுந்த எண்ணங்களையும், முதன்முறையாகச் செல்ல விரும்பும் வாசகர் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய செய்திகளையும் ஈண்டுத் தருகிறோம்.

எங்கே உள்ளன இத்தீவுகள்?

வங்கக் கடலின் கீழ்ப்புறத்தில் வடக்குத் தெற்காக எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் தீவுத் தொடரே அந்தமான் நிக்கோபார். பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கித் தெற்கு நோக்கிச் செல்ல, அதன் சிகரங்கள் நீருக்கு மேல் தலைநீட்டி நிற்பவையே இத்தீவுகள் என்பர் நிலநூலார். சிறுபாறைகளையும் சேர்த்து எண்ணினால் 836. மக்கள் வாழ்பவை 31 மட்டுமே. மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இன்றும் காடே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 3,80,581. நம் மாவட்டத் தலைநகர் ஒன்றில் வாழ்வோர் தொகைக்கு இது ஈடாகும்.

சென்னையிலிருந்து தலைநகருக்கு ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர். ஆனால் தொடரின் வடமுனையிலிருந்து மியான்மார்க் கரை முந்நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. தென்முனையாகிய இந்திரா முனையிலிருந்து சுமத்ரா ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டரே. நம் நாட்டின் பகுதியாயினும் நமக்கு மிகத் தொலைவில், அயல்நாட்டின் வாசலில் கிடக்கும் நிலம் இது.

எனினும் தமிழருக்கு இது முற்றிலும் அறியாத திசையன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், 1025-ஆம் ஆண்டளவில், முதலாம் இராசேந்திர சோழன் கடாரத்தின்மேல் கப்பற்படை செலுத்தினான். அவனுடைய மெய்க்கீர்த்தி அவன் வென்ற இடங்களுள் ஒன்றாக மாநக்கவாரத்தைக் குறிக்கிறது. அது இன்றைய நிக்கோபாரே.

ஊர்ப் பெயர்களைப் பற்றி ஒரு சொல். போர்ட் பிளேர் என்று நாம் பள்ளியில் படித்த தலைநகருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் சூட்டப்பட்டது. ஹேவ்லாக் தீவு 2018 முதல் சுவராஜ் தீவு. நீல் தீவு ஷஹீத் தீவு. ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. மக்கள் வாயில் பழைய பெயர்களும் வழங்குவதால் முதன்முறை செல்வோர் இரண்டையும் அறிந்திருத்தல் நலம்.

மூன்று நாள் கடல் வாழ்வு

விமானத்தில் சென்றால் இரண்டரை மணி நேரத்திற்குள் இறங்கிவிடலாம். நாங்கள் போகும்போது கப்பலையும் திரும்பும்போது விமானத்தையும் தேர்ந்துகொண்டோம். கப்பலுக்கு ஏறத்தாழ அறுபது மணி நேரம் ஆகும்; காற்றும் மழையும் குறுக்கிட்டால் இன்னும் கூடும். மாதத்திற்குச் சில நடைகளே உண்டு. புறப்படும் நாளும் சில வேளைகளில் தள்ளிப்போகும். ஆகவே குறித்த நாளில் அலுவலகம் திரும்பியாக வேண்டியவர்கள் கப்பலை நம்பி விடுப்பெடுத்தல் ஆகாது.

முதல் இரவில் எங்களுள் பாதிப் பேர் தலைச்சுற்றலால் படுத்துவிட்டனர். மறுநாள் கடல் தணிந்தது, உடலும் பழகிக்கொண்டது. கப்பல் முகத்தைக் கண்டு அஞ்சிய பறவைமீன்கள் கூட்டமாக நீரிலிருந்து எழும்பி, வெள்ளிச் சில்லுகள்போலச் சிறிது தூரம் பறந்து மீண்டும் விழுவதைக் குழந்தைகள் சலிக்காமல் பார்த்தனர். கரை இல்லை, மரம் இல்லை, நாற்புறமும் வட்டமாக நீர். கடல் என்பது எத்துணைப் பெரிது என்பதை வரைபடம் கற்பிப்பதில்லை. மூன்று நாள் கப்பலே கற்பிக்கிறது.

கீழ்த்தளத்துப் படுக்கை வகுப்பில் எங்களோடு வந்தவர்களில் சுற்றுலாப் பயணிகள் சிலரே. பெரும்பாலோர் ஊர் வந்து தீவுக்குத் திரும்பும் குடும்பத்தினர். வெங்காய மூட்டை, மாவரைக்கும் கல், புத்தகக் கட்டு, கட்டிக்கொடுத்த பெண்ணுக்கான சீர்ப் பாத்திரம் எனச் சாமான்கள் படுக்கைக்கடியில் நிறைந்திருந்தன. இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எங்கள் பாட்டியாரிடம், “நான் மணமாகி வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது அக்கா. கப்பலில் மூன்று நாளும் அழுதேன். இப்போது ஊரில் ஒரு மாதம் இருந்தால் தீவு நினைவில் தூக்கம் வருவதில்லை” என்றார். அவர் மக்களும் பேரப் பிள்ளைகளும் அங்கேயே பிறந்தவர்கள். 2011 கணக்கெடுப்பில் தீவுவாசிகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளிகள் அவர்களினும் மிகுதி. தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிப் பழங்குடியினர், நிக்கோபாரியர் எனப் பலரும் கலந்து வாழ்கின்றனர். எல்லாரையும் இணைப்பது தீவுக்கே உரிய ஓர் எளிய இந்தி.

மூன்றாம் நாள் பிற்பகல் தொடுவானத்தில் கரும்பச்சைக் கோடு ஒன்று தோன்றியது. மேல்தளத்தில் நின்றவர் யாவரும் ஒரே குரலில் ஆரவாரித்தனர். கப்பல் ஹேடோ துறையில் கட்டப்பட்டபோது விளக்கேற்றும் வேளை.

முந்தி எழும் கதிரவன்

தீவில் முதல் நாளே எங்களுக்கு ஒரு வியப்பு. அதிகாலை ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம். மாலை ஆறு மணிக்கு நல்ல இருட்டு. தீவுகள் சென்னைக்குக் கிழக்கே பன்னிரண்டு பாகைக்கும் மேல் தள்ளி இருப்பினும் கடிகாரம் ஒன்றே. அதனால் அங்கே கதிரவன் நமக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முன்னதாக எழுந்து, முன்னதாகவே மறைகிறான். படகுகளும் சுற்றிக்காட்டும் வண்டிகளும் இதற்கேற்பக் காலையிலேயே புறப்பட்டுவிடும். ஏழு மணிக்கு எழுந்து ஒன்பதுக்குக் கிளம்பும் குடும்பத்தினர் பாதி நாளை இழப்பர்.

மழையை மிகுதியாகப் பெறும் தீவுகள் இவை. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ மூவாயிரம் மில்லிமீட்டர். சென்னையின் மழையைப்போல் இரண்டு மடங்கிற்கும் மேல். மே முதல் தென்மேற்குப் பருவமழை. பின்னர் வடகிழக்குப் பருவமழை. இத்துணை மழை பெய்தும் கோடையில் தலைநகரில் குடிநீருக்குத் தட்டுப்பாடு வருவதுண்டு. பெரிய ஆறுகள் இல்லை. சரிவான நிலத்தில் விழும் மழை விரைந்து கடலை அடைந்துவிடுகிறது. தனிக்காரி அணையே நகருக்கு முதன்மையான நீராதாரம். நாங்கள் தங்கிய விடுதியில் குளியலறைச் சுவரில், தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு எழுதி வைத்திருந்தார்கள். நம் குழாயைப் பொறுத்தே அடுத்த வீட்டுக்காரர் குடம் நிரம்பும் என்பதை விருந்தாளிகள் மறத்தல் கூடாது.

கல்லும் இரும்பும் சொல்லும் கதை

1858-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் இருநூறு கைதிகளுடன் ஒரு கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. முந்திய ஆண்டின் பெருங்கிளர்ச்சியில் சிறைப்பட்டோரைத் தாய்நாட்டிலிருந்து அகற்றி வைக்க ஆங்கில அரசு தேர்ந்த இடம் இது. கடல் கடந்தால் குலமும் உறவும் அற்றுப்போகும் என்று அஞ்சிய மக்கள் இதற்குக் காலாபாணி, அதாவது கருநீர், என்று பெயரிட்டனர். வந்தவர்கள் காட்டை வெட்டினர், சதுப்பைத் தூர்த்தனர், காய்ச்சலிலும் தூக்கிலும் மடிந்தனர்.

நாம் படங்களில் காணும் செல்லுலர் சிறை அதற்குப் பின்னர் வந்தது. 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது அதன் கட்டுமானம். நடுவில் ஒரு காவற்கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல ஏழு நீண்ட மூன்றடுக்குக் கட்டடங்கள். ஏறத்தாழ எழுநூறு அறைகள். ஒவ்வொன்றும் ஒருவருக்கு மட்டுமே. பதின்மூன்றரை அடி நீளம், ஏழடி அகலம், எட்டாத உயரத்தில் ஒரு சிறு துளை. ஒரு வரிசை அறைகளின் முகம் அடுத்த வரிசையின் முதுகை நோக்கியே அமைந்துள்ளது. எதிரே இன்னொரு மனித முகம் தெரியலாகாது என்பதற்காகவே அவ்வாறு கட்டினர்.

முற்றத்தில் செக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு முப்பது பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்டித் தரவேண்டும் என்பது கட்டளை. மாடு இழுக்க வேண்டிய செக்கை மனிதன் இழுத்தான். 1933-ஆம் ஆண்டு மே மாதம் அரசியற் கைதிகள் உண்ணாநோன்பு இருந்தனர். வலிந்து பால் புகட்டப்பட்டதன் விளைவாக மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் உயிர்நீத்தனர். 1937-இல் மீண்டும் எழுந்த உண்ணாநோன்புக்குப் பின்னரே அரசியற் கைதிகள் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

ஏழு கட்டடங்களில் இன்று நிற்பவை மூன்றே. 1979-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் அன்றைய பிரதமர் மொரார்ஜி தேசாய் இச்சிறையைத் தேசிய நினைவுச்சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணித்தார். இடிக்கப்பட்ட பகுதியில் எழுந்தது மருத்துவமனை. மனிதனை ஒடுக்க எழுந்த வளாகத்தில் மனிதனைக் குணமாக்கும் இல்லம் நிற்பது நல்லதொரு மாற்றமே. எங்களுடன் வந்த சிறுவர்கள் ஓர் அறைக்குள் நின்று கதவைச் சாத்திப் பார்த்தனர். ஒரு நிமிடத்திற்குள் வெளியே வந்துவிட்டனர். அதன் பின்னர் அவர்களுக்கு எதையும் விளக்கவேண்டிய தேவை எங்களுக்கு இருக்கவில்லை.

தலைநகரின் கடற்கரைக்கு எதிரே, படகில் சில நிமிடத் தொலைவில் உள்ளது ராஸ் என்று வழங்கிய தீவு. ஆங்கில அதிகாரிகள் இங்கிருந்தே எண்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆட்சி செய்தனர். ஆணையர் மாளிகை, நடனக்கூடம், அடுமனை, ஆலயம் யாவும் இருந்தன. 1941-இல் நிலநடுக்கம் தாக்கியது. 1942 மார்ச்சில் சப்பானியர் வந்தனர். அவர்கள் ஆட்சியும் 1945-இல் முடிந்தது. இன்று ஆலமரத்தின் இன மரங்கள் அச்சுவர்களைத் தம் வேர்களால் பற்றிக்கொண்டு நிற்கின்றன. மான்கள் மாளிகைப் படிகளில் மேய்கின்றன. சப்பானியர் காலமும் தீவு மக்களுக்கு விடிவாக இருக்கவில்லை. ஒற்றர் என்று ஐயுற்று 1944 சனவரி 30-ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்ச் என்னுமிடத்தில் 44 பேரை அவர்கள் சுட்டுக்கொன்றனர். அதற்கு ஒரு மாதம் முன்புதான், 1943 டிசம்பர் 30-ஆம் நாள், நேதாஜி இவ்வூரில் மூவண்ணக் கொடியை ஏற்றிச் சென்றிருந்தார்.

தீவை வாழிடமாக்கியவர்கள்

சிறையைக் காணச் செல்வோர் பலர். தீவைத் தம் கைகளால் ஆக்கியவர்களை நினைப்போர் சிலர். விடுதலை பெற்ற கைதிகளின் வழித்தோன்றல்கள், 1921-க்குப் பின் கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமார், 1925-இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர்ப் பக்கம் குடியேறிய கரேன் மக்கள், 1949 முதல் கிழக்குப் பாக்கிஸ்தானிலிருந்து வந்த வங்காள ஏதிலியர் ஆகியோர் காடு திருத்திக் கழனி கண்டனர். சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையின் பின் இலங்கையிலிருந்து திரும்பிய நம் மலையகத் தமிழ்க் குடும்பங்கள் சில கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன.

நம் வாசகர்கள் சிறப்பாக அறியவேண்டியவர்கள் ராஞ்சி மக்கள். சோட்டா நாகபுரியின் ஓராவ், முண்டா, காரியா குடிகளைச் சேர்ந்த இவர்களை 1918-ஆம் ஆண்டளவிலிருந்து காட்டு வேலைக்காகத் தீவுகளுக்கு அழைத்துவந்தனர். சாலை போட்டவர்களும், மரம் வெட்டியவர்களும், துறை கட்டச் சுமை தூக்கியவர்களும் இவர்களே. 1883-இல் தொடங்கிய சாத்தம் மரம் அறுக்கும் ஆலைக்குச் செம்மரமாகிய படாக்கைக் காட்டின் உள்ளிருந்து இழுத்துத் தந்த உழைப்பில் இவர்கள் பங்கு பெரிது. இவர்களுள் மிகப் பலர் கத்தோலிக்கர். குருக்களும் கோயில்களும் பெருகுமுன்பே செபமாலையைக் கையில் ஏந்திக் காட்டுக் குடிசைகளில் விசுவாசத்தைக் காத்தவர்கள். 1984-ஆம் ஆண்டு சூன் 22-ஆம் நாள் போர்ட் பிளேர் தனி மறைமாவட்டமாயிற்று. பிலார் சபையைச் சேர்ந்த மேதகு அலெக்ஸ் டயஸ் அதன் முதல் ஆயர். கடல் கடந்து இத்துணைத் தொலைவில் இருந்தும் இம்மறைமாவட்டம் சென்னையையோ கொல்கத்தாவையோ சாராமல் ராஞ்சி உயர்மறைமாவட்டத்தோடு இணைந்திருப்பது, அவ்வேழைத் தொழிலாளரின் தடம் பற்றியே என்று சொல்லலாம்.

ஞாயிறன்று ‘கடலின் விண்மீன்’ அன்னையின் பெயரால் அமைந்த பேராலயத்தில் திருப்பலி கண்டோம். முன்வரிசையில் ராஞ்சித் தாய்மார். அருகே நம் தமிழ்க் குடும்பங்கள். பின்னே கடற்படை வீரர்கள். பாடல் இந்தியில் ஒலித்தது. எங்கள் பாட்டியாருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆயினும் எழுந்து நிற்கவும் முழந்தாளிடவும் அவர் ஒருபோதும் பின்தங்கவில்லை.

வாசலில் எங்களோடு பேசிய ராஞ்சி இளைஞர் ஒருவர், தம் பாட்டனார் பிறந்த ஊரில் தம் குலத்தார் பழங்குடியினராகக் கொள்ளப்படுவதையும், தீவுகளுக்கான பட்டியலில் தம் மக்கள் பெயர் இல்லாமையையும் அமைதியாக எடுத்துரைத்தார். பட்டியல் மாநிலந்தோறும் வேறுபடுவதால் நேர்ந்த நிலை இது. ஒரு நூற்றாண்டு உழைத்தவரின் பேரன் தன் குலத்திற்கு ஒரு பெயர் வேண்டி நிற்கிறான். கடற்கரையின் அழகை வியந்து திரும்பும் நாம் அதனையும் கேட்டு வருவது நலம்.

காட்டின் பழைய உரிமையாளர்

இவர்கள் எல்லார்க்கும் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே இத்தீவுகளில் வாழ்ந்தோர் உளர். அந்தமானில் பெரிய அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலியர். நிக்கோபாரில் நிக்கோபாரியர், ஷாம்பென். 1858-இல் பெரிய அந்தமானியர் ஐயாயிரம் பேருக்குக் குறையாமல் இருந்தனர் என மதிப்பிடுவர். 1859-இல் அபர்டீன் என்னுமிடத்தில் துப்பாக்கிக்கு எதிரே வில்லும் அம்பும் ஏந்தி நின்றவர்கள் அவர்கள். போரைக் காட்டிலும் கொடியதாய் வந்தது நோய். தட்டம்மையும் மேகநோயும் குடி குடியாக அழித்தன. 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியோர் பத்தொன்பது பேர். 2010-ஆம் ஆண்டு சனவரியில் போவா என்னும் மூதாட்டி மறைந்தபோது போ என்னும் மொழியைப் பேச உலகில் ஒருவரும் இல்லாமற்போயினர். கடைசி ஆண்டுகளில் தம் தாய்மொழியில் மறுமொழி சொல்ல அவருக்கு ஆளில்லை.

ஜாரவா மக்கள் வாழும் காட்டினூடே ஒரு நெடுஞ்சாலை செல்கிறது. பாராதாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளைக் காண விரும்புவோர் அவ்வழியே வண்டி வரிசையாக, காவலுடன், குறித்த நேரத்தில் மட்டுமே செல்லலாம். வழியில் நிறுத்தக்கூடாது, படமெடுக்கக்கூடாது, உணவோ துணியோ தரக்கூடாது. மீறினால் சிறைத்தண்டனை உண்டு. 1956-ஆம் ஆண்டிலேயே இம்மக்களின் காப்புக்கெனச் சட்டவிதி இயற்றப்பட்டது. அதன் காரணத்தை அறிந்தால் விதி கடுமையாகத் தோன்றாது. 1996-இல் கால் முறிந்து கிடந்த ஜாரவாச் சிறுவன் ஒருவனை மருத்துவமனையில் வைத்துக் குணமாக்கி அனுப்பினர். அவன் வழியே அச்சம் நீங்கி அம்மக்கள் வெளியே வரத் தொடங்கினர். 1999-இல் தட்டம்மை அவர்களிடையே பரவிவிட்டது. நமக்கு இரண்டு நாள் இருமலாக வந்து போவது, அதனை முன்னறியாத உடலுக்குக் கூற்றாக முடியும். அன்புக்கும் எல்லை வகுக்கவேண்டிய இடம் இது.

அச்சாலையில் செல்வதா வேண்டாவா என்று எங்களுக்குள் ஓர் இரவு முழுதும் விவாதம் நடந்தது. குகைகளைக் காணவே போகிறோம், விதியை மீறப்போவதில்லை என்றனர் இளைஞர்கள். அது நேர்மையான வாதமே. “நம் தெருவில் நாள்தோறும் நூறு வண்டி வந்து, நாம் அடுப்படியில் இருப்பதை எட்டிப் பார்த்துப்போனால் நமக்கு எப்படி இருக்கும், தம்பி?” என்று கேட்டார் பாட்டியார். சற்று நேரம் எவரும் பேசவில்லை. இறுதியில் அந்த நாளை ஷஹீத் தீவுக்கு மாற்றிக்கொண்டோம். அவ்வழியே செல்வோரை நாங்கள் குறைகூறவில்லை. அப்பால் உள்ள ஊரார்க்கு அது அன்றாட வழியும் ஆகும். வேடிக்கை பார்க்கும் கண் எங்கே நிற்கவேண்டும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளைகளோடு அமர்ந்து பேசித் தீர்மானிக்கவேண்டும் என்பதே எங்கள் கருத்து.

நீரடித் தோட்டம்

தலைநகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் உள்ளது வண்டூர். அங்கிருந்து படகேறி, 1983-இல் நிறுவப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் பவளத்திட்டுகளைக் காணலாம். ஜாலிபாய், ரெட்ஸ்கின் என்னும் இரண்டு தீவுகளைப் பருவத்துக்கு ஒன்றாகத் திறந்துவிடுகின்றனர். ஒன்று பார்க்கப்படும்போது மற்றொன்று இளைப்பாறும். ஞெகிழிப் பொருள் எதையும் கொண்டுசெல்ல விடுவதில்லை. கண்ணாடி அடித்தளமுடைய படகில் குனிந்து அமர்ந்தால் மான்கொம்பு போலவும், மூளை போலவும், விரித்த விசிறி போலவும் பவளங்கள். அவற்றினூடே மஞ்சளும் நீலமுமாக மீன்கள்.

பவளம் கல்லன்று, செடியுமன்று. கடுகளவு உயிர்கள் கோடிக்கணக்கில் கூடித் தமக்குச் சுண்ணாம்பு வீடு கட்டி வாழும் பேரூர் அது. அவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து கதிரவன் ஒளியில் உணவு சமைத்துத் தருகின்றன. நிறம் தருவனவும் அவையே. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பாசிகள் வெளியேற, பவளம் வெளுத்துப் பசியால் மடியும். 2010-இல் அந்தமான் கடலில் அவ்வாறு பெரும்பரப்பு வெளுத்தது. எனவே ஒரு துண்டையும் எடுக்கலாகாது, ஒரு திட்டின்மேலும் கால் வைக்கலாகாது என்பதைப் பிள்ளைகளுக்குப் படகேறுமுன்பே சொல்லிவைக்க வேண்டும்.

சுவராஜ் தீவின் கடற்கரைகளை ஊரார் எண்ணால் அழைக்கின்றனர். ஏழாம் எண் கடற்கரையே புகழ்பெற்ற ராதாநகர். வெண்மணல், பின்னே வானளாவிய மரங்கள், முன்னே நீலத்தின் எல்லா வகையும்! பழைய சிவப்பு இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் நாம் பார்த்த தென்னஞ்சோலைக் கடற்கரையும் கலங்கரை விளக்கமும் தலைநகரை அடுத்த வடக்கு விரிகுடாவே என்று கண்டபோது குழந்தைகளுக்குப் பெருமகிழ்ச்சி.

கடல் பொங்கிய ஞாயிறு

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளை நம் கடலோரப் பங்குகள் மறக்கமாட்டா. அன்று ஞாயிறு, திருக்குடும்பத் திருவிழா. வேளாங்கண்ணியில் கடல் பொங்கியதற்கு முன்னரே நிக்கோபார்த் தீவுகளை அலை விழுங்கிவிட்டது. கார் நிக்கோபாரிலும் கச்சாலிலும் ஊர்கள் அடியோடு அழிந்தன. தீவுகள் முழுவதிலும் மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். நிலமே இடம்பெயர்ந்தது. வட அந்தமானில் கடலடிப் பவளத்திட்டுகள் மேலெழுந்து உலர்ந்தன; இந்திரா முனையோ நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, அதன் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலில் மூழ்கியது. சின்ன அந்தமானின் ஓங்கே மக்கள், கடல் பின்வாங்கிய குறிப்பை உணர்ந்து உயரிடத்திற்கு ஓடித் தப்பினர். எழுத்தறியா மக்கள் என்று நாம் எண்ணுவோர் கடலை வாசிக்கத் தெரிந்திருந்தனர்.

செல்வோர் கவனத்திற்கு

பயணத்திற்கு ஏற்ற காலம் சனவரி முதல் ஏப்ரல் வரை. அந்தமானின் பொதுவான இடங்களுக்கு இந்தியக் குடிமக்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. அடையாளச் சான்று போதும். நிக்கோபார்த் தீவுகளுக்கும் பழங்குடியினர் காப்பிடங்களுக்கும் அவ்வாறன்று. உரிய அனுமதியின்றிச் செல்லலாகாது.

தீவுக்குத் தீவு செல்லும் படகுச்சீட்டுகளை முன்னதாகவே பெற்றுவிடுக. கடல் சீறினால் படகு நிற்கும். ஆகவே ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளைத் தலைநகரிலேயே கழிக்குமாறு திட்டமிடுக. முதியவர்களின் மருந்துகளைப் போதுமான அளவு எடுத்துச் செல்லுக. 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் வந்தபின் தொலைபேசித் தொடர்பு சீர்பட்டுள்ளது. எனினும் சிறு தீவுகளில் கைப்பணம் வைத்திருத்தல் நன்று. உப்புநீர் முதலை வாழும் கழிமுகங்கள் உண்டு. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், காவலர் தடுக்கும் இடத்திலும் நீரில் இறங்காதீர். சங்கோ சிப்பியோ பவளமோ கரையில் பொறுக்கி வராதீர். கொண்டுசென்ற ஞெகிழிப் பைகளைத் திரும்பக் கொண்டுவருக. தீவில் குப்பையைத் தள்ள வேறிடமில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். எங்களுடன் வந்த பத்து வயதுச் சிறுமி ஒவ்வோர் இரவும் அன்று கண்டதை இரண்டு வரியில் எழுதினாள். சிறையைக் கண்ட நாளில், “ஜன்னல் ரொம்ப உயரத்தில் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டாலும் கேட்காது” என்று மட்டும் எழுதியிருந்தாள்.

பணம் மிகுந்தவர்க்கே இத்தகைய பயணம் என்று தயங்க வேண்டுவதில்லை. சில குடும்பங்கள் ஓராண்டு முன்னரே சிறுகச் சேர்த்து, கப்பலில் படுக்கை வகுப்பிலும் எளிய விடுதியிலும் தங்கினால் இயலக்கூடியதே. செல்லுமுன் ஒரு மாலை பிள்ளைகளோடு அமர்ந்து அத்தீவுகளின் கதையைப் படியுங்கள். அங்கே கடைக்காரரிடமும் படகோட்டியிடமும் அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்று கேளுங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு கப்பற் பயணத்தின் கதை இருக்கும். ஞாயிறன்று அங்குள்ள பங்குக்குச் சென்று அம்மக்களோடு ஒருவராய் நின்று செபியுங்கள். காண்பதைக் கண்ணில் மட்டும் எடுத்துக்கொண்டு, கண்டது கண்டபடியே அடுத்து வருவோர்க்கு இருக்குமாறு விட்டு வாருங்கள்.